ஓமந்தைப் பனியும் 'ஓர் உடுப்புக் கூட' என்னும் விதியும்: ஓர் அளவையியல் ஆய்வு

மார்கழி, தை மாதங்களில் இலங்கையின் வன்னிப் பகுதியிலுள்ள ஓமந்தையில் விடியற்காலை வெப்பமானி பெரும்பாலும் 20 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். அதே வேளையில் அவ்வூர்க் கைக்குழந்தை பனியன், சட்டை, சுவெற்றர், தொப்பி, கையுறை, மேஸ், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு துவாய் என ஏழு உருப்படிகளுக்குள் கிடக்கும். வெளியே தெரிவது மூக்கு மட்டுமே. அந்த இருபதுக்கும் இந்த ஏழுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதே நமது துணிபு.

மருத்துவர் சொல்லும் விதி எளிது: வளர்ந்தவர் உடுத்தியிருப்பதைவிடப் பிள்ளைக்கு ஓர் உடுப்புக் கூட. காரணமும் வலுவானது. பச்சைக்குழந்தைக்கு எடையோடு ஒப்பிடத் தோற்பரப்பு அதிகம். அந்தப் பரப்பில் ஏறத்தாழ ஐந்திலொன்று தலை. நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் அதற்கு இயலாது. தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் தன்னைக் காக்கிறது. எல்லாம் சரி, ஆனால் எந்த வளர்ந்தவர்? இங்கேதான் விதி வாய்மூடிவிடுகிறது. அப்பப்பா சாறத்தோடு, மேலில் துண்டும் இல்லாமல் முற்றத்தில் பல் துலக்குகிறார். அவரை அளவாகக் கொண்டால் பிள்ளைக்கு ஒரு சட்டை போதும். அம்மம்மாவோ சேலைக்குமேல் சுவெற்றர், அதற்குமேல் காதை மூடிய சால்வை. ஒரே வீடு, ஒரே நேரம், ஒரே பனி. விடை மட்டும் இரண்டு. பிள்ளை இருப்பது அம்மம்மாவின் மடியில் என்பதால் எந்த அளவுகோல் வெல்லும் என்பதற்குத் தனி ஆய்வு தேவையில்லை. ஆக, பிள்ளை உடுத்தியிருப்பது அம்மம்மாவின் குளிரை.

வன்னிக் குளிரை இப்படி எள்ளலாமா என்று கேட்பார்கள். 2022 டிசம்பரில், மண்டூஸ் புயலை ஒட்டி வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் குளிரில் செத்தன. மறுக்க முடியாத சான்று. ஆனால் அவை மழையில் நனைந்து, காற்றில் திறந்தவெளியில் நின்றவை. ஈரமும் காற்றும் சேர்ந்து செய்த கொலையை வீட்டுக்குள் உலர்ந்து கிடக்கும் பிள்ளைக்கு முன்னுதாரணமாகக் காட்ட முடியாது. ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளில் வவுனியாவுக்குக் கொண்டுபோகும் பிள்ளைக்குச் சுவெற்றர் நியாயம்தான். போய் இறங்கிய பிறகும் அது கழற்றப்படாததற்கே விளக்கமில்லை. தடிமன் பிடிக்கும் என்பது அடுத்த வாதம். தடிமனைக் கொண்டுவருவது வைரசு. அது பெரும்பாலும் பிள்ளையைக் கொஞ்ச வரும் உறவினரின் மூக்கில் வருகிறது. அவருக்கு யாரும் தொப்பி போடுவதில்லை.

றொரன்ரோவிலிருந்து வரும் பார்சலையும் கணக்கில் எடுக்க வேண்டும். பூச்சியத்துக்குக் கீழே இறங்கும் ஊருக்குத் தைத்த கம்பளி உடுப்பு அது. பிள்ளை வளர்ந்துவிடுமுன் ஒருமுறையாவது போட்டுப் படம் அனுப்பாவிட்டால் மாமி கோபிப்பா. இங்கே உடுப்புக்காகவே குளிர் வரவழைக்கப்படுகிறது.

சோதனை முறை ஒன்று உண்டு. கைகால் சில்லென்றிருப்பது குழந்தைக்கு இயல்பு. பிடரியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அது வேர்த்திருந்தால் உடுப்பு அதிகம். உறக்கத்தில் மிகைச் சூடு ஆபத்து என்பதால் வீட்டுக்குள் தூங்கும் பிள்ளைக்குத் தொப்பியே வேண்டாம் என்கிறார்கள். அம்மம்மா தொடுவது கால்விரலை. அது குளிர்ந்திருக்கும், இன்னொரு மேஸ் ஏறும். வற்புறுத்திப் பிடரியைத் தொடவைத்தாலும் பயனில்லை. "பிள்ளைக்கு வேர்த்துக் கிடக்கு, வேர்வையோட பனி பட்டால் என்னத்துக்காகும்?" என்று இரண்டாவது துவாய் வரும்.