கிணற்றுத் தண்ணீரை வெள்ளமா கொண்டுபோகும்?

அவசரக்காரர்களை அடக்க நம் பாட்டிமார் சொல்லிவைத்த பழமொழி அது. பாட்டிமார் யாரும் தென் சென்னைப் புறநகரில் மனை வாங்கியதில்லை. அதனால் தைரியமாகச் சொன்னார்கள்.

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் சென்னைக்கு எதிரே கடலில் உலாத்திக்கொண்டிருந்தது. விடிகாலையில் கொல்லைக் கதவைத் திறந்தேன். கிணறு நிரம்பியிருந்தது. நிரம்பியதோடு நிற்கவில்லை. மோட்டார் பைப்புக்காகச் சுவரில் போட்ட ஓட்டை வழியாகச் சாவகாசமாக வெளியே வந்துகொண்டிருந்தது. வெள்ளம் கிணற்றைக் கொண்டுபோகவில்லை. கிணறுதான் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொடுத்தது.

முந்தின நாளே தெருவுக்கு மணல் மூட்டை வந்துவிட்டது. வாசலில் அடுக்கினோம். போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் வாசல் வழியாக வந்திருந்தால் அந்த மூட்டைகள் தடுத்திருக்கும். அது தரைக்குள்ளிருந்து வந்தது. டைல்ஸ் இடுக்கில் வந்தது. பாத்ரூம் ஓட்டையில் வந்தது. மூட்டைகள் வாசலில் கம்பீரமாக நின்றன. உள்ளே வந்த தண்ணீர் வெளியே போகாமல் பார்த்துக்கொண்டன.

காணாமல் போன கிணற்றுக்காக வடிவேலு ஒரு படத்தில் காவல் நிலையம் போனார். ஊரே சிரித்தது. என் புகார் நேர்மாறு. கிணறு இருக்கிறது, வீட்டைத்தான் காணவில்லை.

கரண்டு இல்லை. டீசல் பம்பு வாடகைக்குக் கிடைத்தது. மணிக்கு இவ்வளவு என்று பேசி இறக்கினோம். மூன்று மணி நேரம் இறைத்ததில் ஒரு சாண் இறங்கியது. பம்பை நிறுத்தி டீ குடித்துவிட்டு வருவதற்குள் அந்தச் சாண் திரும்பி வந்துவிட்டது. இறைத்த தண்ணீர் தெருவுக்குப் போனது. தெருவிலிருந்து எதிர் வீட்டுக்குப் போனது. எதிர் வீட்டுக்காரரும் பம்பு வைத்திருந்தார். நாள் முழுவதும் ஒரே தண்ணீரை நாங்கள் இருவரும் மாற்றி மாற்றி இறைத்தோம். இந்த நகரத்தின் மொத்த வடிகால் திட்டமும் அன்று எனக்கு விளங்கியது.

நிறுத்தச் சொன்னவர், கிணற்றுக்கு உறை இறக்குகிற பெரியவர். இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து எட்டிப் பார்த்தார். "சார், மொதல்ல மோட்டாரை நிறுத்துங்க. சுத்தி இருக்கிற மண்ணு பூரா தண்ணி குடிச்சு ஊறிக் கெடக்கு. உள்ள இருக்கிற தண்ணிதான் உறையைத் தாங்கி நிக்குது. அதையும் எடுத்தீங்கன்னா உறை ஒண்ணொண்ணா உள்ள உக்காந்துடும். மண்ணு வத்தட்டும். அப்புறம் எறைக்கலாம்."

பத்து பைசா வாங்காமல் சொன்னார். அந்த ஒரு வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பொறியியல் ஆலோசனை அது. தந்தவரிடம் பட்டம் இல்லை, ஜீப் இல்லை, ரெயின்கோட் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் படித்தவர். பேச்சைக் கேட்காமல் சம்ப்பைக் காலி செய்து கழுவப் போனார். காலியான தொட்டியைக் கீழிருந்து தண்ணீர் முட்டியது. தரையைப் பிளந்துகொண்டு சம்ப் அரை அடி எழுந்து நின்றது. எங்கள் தெருவில் அநியாயத்தை எதிர்த்து எழுந்து நின்றது அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் செல்போனுக்கு உயிர் வந்தது. அழைக்க ஆரம்பித்தேன்.

முதல் அலுவலகம் கேட்டது: "எந்தத் தண்ணி சார்?"

இது தத்துவக் கேள்வி இல்லை. நிர்வாகக் கேள்வி. வானத்திலிருந்து விழுந்து தெருவில் நிற்கும்வரை அது மழைநீர்; அதற்கு ஓர் அலுவலகம். ஏரி நிரம்பி வந்தால் அது உபரிநீர். அதற்கு வேறு அலுவலகம். செப்டிக் டேங்கில் கலந்துவிட்டால் கழிவுநீர், மூன்றாவது அலுவலகம். பெரிய ரோட்டின் ஓரக் கால்வாயில் புகுந்தால் நான்காவது. என் வீட்டுத் தண்ணீர் நாலு அலுவலகத்தையும் தாண்டி வந்திருந்தது. எங்குமே அதற்கு வரவேற்பு இல்லை.

"கெணத்துலேருந்து வருதா? அப்ப அது உங்க சொந்தத் தண்ணி சார்" என்றார் நான்காமவர்.

சட்டப்படி அவர் சொன்னதில் தப்பில்லை. 1882-ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட வசதியுரிமைச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. உன் மண்ணுக்குக் கீழே உள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமை உனக்கு என்கிறது அது. மே மாதம் அந்த உரிமையோடு கிணற்றை எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு செருப்பும் இரண்டு டென்னிஸ் பந்தும் கிடக்கும். டிசம்பரில்தான் என் உரிமை முழுமையாக நிறைவேறுகிறது. படுக்கையறை வரை.

நம்மவர்கள் மட்டும் சும்மா இருந்தார்களா? 2003-இல் நிலத்தடி நீருக்கென்றே தமிழ்நாட்டில் ஒரு சட்டம் போட்டார்கள். பத்து ஆண்டுகள் அது நடைமுறைக்கே வரவில்லை. 2013-இல் ரத்து செய்தார்கள். ரத்து மட்டும் சொன்ன தேதியில் நடைமுறைக்கு வந்தது.

அதே 2003-இல் மழைநீர் சேகரிப்பும் கட்டாயமானது. தொட்டி கட்டாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்றார்கள். நல்ல திட்டம், அதில் குறை சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் எல்லோரும் குழி தோண்டி, ஜல்லி போட்டு, மொட்டை மாடிக் குழாயைக் கிணற்றில் விட்டோம். மக்கள் தங்கள் பங்கைச் செய்தார்கள். ஒவ்வொரு வீடும் ஒரு குழி மழையைச் சேமித்தது. அரசாங்கமோ ஒவ்வொரு ஏரியாகக் கணக்கு முடித்தது.

சந்தேகம் இருந்தால் பெயர்ப் பலகைகளைப் படியுங்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. மாம்பலத்தின் நீண்ட ஏரியை 1920-களில் வற்றவைத்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. இன்று லேக் இல்லை, வியூவும் இல்லை, ரோடு மட்டும் இருக்கிறது. டிசம்பரில் ரோடு போய் லேக் வந்துவிடுகிறது. பலகை அப்போதுதான் உண்மை பேசுகிறது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் திறந்தார்கள். நீரின்றி உலகம் இல்லை என்று சொன்னவருக்கு ஏரியைத் தூர்த்துத் தேர் செய்து வைத்த ஊர் இது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் விரிந்திருந்தது. ரயில் நிலையம், கல்லூரிகள், கணினி நிறுவனங்கள், பெருங்குடிக் குப்பை மேடு என்று பங்கு போட்டபின் எஞ்சிய துண்டுக்கு 2022-இல் ராம்சர் என்னும் சர்வதேச ஈரநில அந்தஸ்து வாங்கினார்கள். கையையும் காலையும் வெட்டிவிட்டு மிச்ச உடம்புக்குப் பொன்னாடை.

இப்போது மழை வந்ததும் ஒரு குரல் கேட்கும். டிவியில் கேட்கும். "ஏரியில வீடு கட்டினா தண்ணி வரத்தான் செய்யும்." சொல்கிறவர் கோட்டு போட்டிருப்பார்.

ஐயா, நாங்கள் ராத்திரியோடு ராத்திரியாக வந்து கட்டவில்லை. மனைக்கு அங்கீகாரம் கொடுத்தது யார்? முத்திரைத்தாள் விற்றது யார்? பத்திரம் பதிந்தது, பட்டா கொடுத்தது, வரைபடத்தில் சீல் குத்தியது, மின் இணைப்பு கொடுத்தது, சொத்து வரி போட்டது யார்? ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவரும் வாங்கிக்கொண்டார். ரசீது உள்ளதும் வாங்கினார்கள், ரசீது இல்லாததும் வாங்கினார்கள். ஒருவர்கூட "தம்பி, இது ஏரி" என்று சொல்லவில்லை. பணம் வாங்கும்போது மனை. தண்ணீர் வரும்போது ஏரி.

2011-இல் சென்னையின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. ஒரே நாளில் நாங்கள் மாநகரவாசிகள் ஆனோம். வரியை மாநகராட்சி வாங்க ஆரம்பித்தது. பாதாளச் சாக்கடை மட்டும் வழி தெரியாமல் எங்கேயோ நிற்கிறது. ஆக வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். அதிலிருந்து பத்தடியில் கிணறு. முப்பதுக்கு நாற்பது மனையில் இரண்டுக்கும் நடுவே எத்தனை அடி விட முடியும்? நிலத்தடி நீர் ஏறினால் இரண்டும் சம்பந்தி ஆகிவிடும். எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். ரிப்போர்ட்டைப் பார்த்த பையன், "குளிக்கக்கூட வேணாம் சார்" என்றான்.

இதற்கும் வைத்தியம் நடந்தது. அமைச்சர் வருகிறார் என்று தெரிந்ததும் தெருவோரம் இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடரைக் கோடு போட்டுத் தூவினார்கள். கிருமிகள் ஒழுங்காக வரிசையில் நடந்து போகும் என்ற நம்பிக்கை. கிணற்றுக்குக் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டேன். "ரோட்டுக்கு மட்டும்தான் சார் ஆர்டர்."

ரோடு என்றதும் நினைவுக்கு வருகிறது. என் அப்பா வெட்டிய கிணறு அது. அன்று கைப்பிடிச் சுவர் இடுப்பளவு. இன்று முழங்காலளவு. கிணறு தேயவில்லை. ரோடு வளர்ந்தது. பழையதைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே புதியதைப் போடுவார்கள். தேர்தலுக்கு ஓர் அடுக்கு, குழாய் தோண்டியதற்கு ஓர் அடுக்கு. தெருத் தண்ணீர் உள்ளே வராதிருக்க நாங்கள் வாசலில் மண் கொட்டி ஏற்றுவோம். பிறகு கொல்லையை ஏற்றுவோம். மறுபடி ரோடு ஏறும். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். ஒரு மாநிலத்தின் தலைமைச் செயலாளர், பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுப் புது ரோடு போடுங்கள் என்று எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது. கொத்தனார் மேஸ்திரிக்கே தெரிந்த விஷயம் அது. தெரியாமலா போட்டார்கள்? சுரண்டினால் செலவு. சுரண்டாவிட்டால் லாபம். அந்த லாபத்தின் உயரம்தான் என் வீட்டுக்குள் நின்ற தண்ணீரின் உயரம்.

ஊர் முழுகுவது இது முதல் தடவை இல்லை. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். அடையாறு ஊருக்குள் வந்தது. 2018-இல் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது. அந்த வெள்ளம் இயற்கைச் சீற்றம் இல்லை, மனிதர்கள் உண்டாக்கியது என்றது. எந்த மனிதர்கள் என்று யாரும் கேட்கவில்லை. மறு ஆண்டே தண்ணீர் தீர்ந்துபோனது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் வந்தது. வந்த ரயிலுக்கு மாலை மரியாதை. தண்ணீர் இல்லை என்று அந்த ஆண்டு கணினி நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னன. தண்ணீர் இருக்கிறது என்று 2023-இலும் அதையே சொன்னன.

சராசரியாக ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் பெய்கிற ஊர். பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கும். இது புதுச் செய்தி இல்லை. பல்லவன் காலத்து விவசாயிக்குத் தெரியும். அதனால்தான் ஏரி வெட்டினான். ஏரிக்கு மதகு வைத்தான், கலங்கல் வைத்தான், அடுத்த ஏரிக்கு வாய்க்கால் வைத்தான். அவனிடம் டெண்டர் இல்லை. நம்மிடம் டெண்டர் மட்டும்தான் இருக்கிறது. மிக்ஜாம் வந்தபோது ஊர் வாயில் ஒரே எண் புரண்டது: நாலாயிரம் கோடி. வடிகாலுக்குச் செலவானது எவ்வளவு, ஆகாதது எவ்வளவு என்று ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் கணக்குப் பேசின. முழங்கால் தண்ணீரில் நின்று கேட்டோம். கணக்கு மட்டும் வடியவே இல்லை.

நிவாரணம் 6,000 ரூபாய் வந்தது. வாங்கினேன். பொய் சொல்வானேன். பம்பு வாடகைக்குக் கொஞ்சம், கழிவுநீர் லாரிக்குக் கொஞ்சம். பெரியவர் சொன்னபடி மண் வற்றக் காத்திருந்து, கிணற்றை இறைத்து, சேறு வாரி, சொந்தக் காசில் வாங்கிய பவுடரைப் போட்டு ஊறவிட்டு, மறுபடி இறைத்தோம். இந்தக் கிணறு டிசம்பரில் பொங்குவதற்கு யார் காரணம், நிரந்தர வழி என்ன என்று கேட்டு மனு ஒன்றும் போட்டேன். பதிவுத் தபால், ஒப்புகைச் சீட்டோடு.

மனு வீண்போகவில்லை. மே மாதம் ஆய்வுக்கு ஆள் வந்தார். உச்சி வெயில். வாசலில் ஒன்பதாயிரம் லிட்டர் டேங்கர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனார். கிணற்றை எட்டிப் பார்த்தார். அடியில் செருப்பும் பந்துகளும் இருந்தன. நின்றபடியே எழுதினார். தலைகீழாகப் படித்தேன்: 'கள ஆய்வில் வெள்ளப் பாதிப்பு ஏதும் காணப்படவில்லை. மனு முடித்துவைக்கப்பட்டது.'

பேனாவை மூடி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா சார்?"

"எந்தத் தண்ணி சார்?" என்றேன்.