முடிக்கு நான் ஒண்ணும் சொல்லல பேராண்டி

என்னா பேராண்டி, சிதம்பரத்துக்குப் படிக்க அனுப்புனா சான் பிரான்சிஸ்கோவுல பாஸ் பண்ணிட்டு வந்தவன் மாதிரி நிக்கற? தோள் வரைக்கும் முடி, கழுத்துல பாசிமணி. வளரு, வளரு. சடையை விரிச்சு ஆடுற சாமி ஊர்ல முடியைக் குத்தம் சொல்ல நான் யாரு? எழுபதுகள்ல பெல்பாட்டத்தாலயே மஞ்சக்குப்பம் தெருவைக் கூட்டுனவன்டா நான்.

நீ சொல்ற ஹெய்ட்-ஆஷ்பரி எனக்கும் தெரியும். சான் பிரான்சிஸ்கோவுல ரெண்டு தெரு வெட்டிக்கிற முக்கு. பழைய மர வீடு, வாடகை மலிவு, ஹிப்பிப் பசங்க குடியேறிட்டாங்க. 1967 கோடையில லட்சம் பேருக்குக் கிட்ட வந்து எறங்குனாங்களாம். அவங்களை வேடிக்கை பாக்க ஒரு கம்பெனி டூரிஸ்ட் பஸ்ஸே விட்டுச்சு. பசங்க விடுவானுங்களா? ஜன்னலுக்கு நேரா கண்ணாடியைப் பிடிச்சு, பஸ்ஸுல இருக்கறவன் மூஞ்சியை அவனுக்கே காட்டுனானுங்க. அந்தக் குசும்பு எனக்குப் பிடிச்சிருக்கு.

அதுல டிக்கர்ஸ்னு ஒரு கூட்டம், பூங்காவுல காசு வாங்காம சோறு போட்டுச்சு. பெரிய மரச்சட்டம் ஒண்ணு நிறுத்தி, அதுக்குள்ள நுழைஞ்சு வந்தாத்தான் சாப்பாடு. உலகத்தைப் புதுசாப் பாக்கணுமாம்! நல்ல பசங்கதான். ஆனா பத்திரிகைக்காரனும் வியாபாரியும் சேர்ந்து பேரைக் கெடுக்கவே, அதே வருஷம் அக்டோபர் 6-ஆம் தேதி ஹிப்பி செத்துட்டான்னு அவங்களே பாடை தூக்கிட்டாங்க.

இப்பக் கணக்குப் போடு. அதுக்கு நூறு வருஷம் முன்னாடி, 1867 வைகாசியில, சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூர்ல பொறந்த ராமலிங்க சாமி வடலூர்ல தருமசாலை அடுப்பை மூட்டுனாரு. சாதி வேணாம், மதச் சண்டை வேணாம், உசுரைக் கொல்லாத, பசிச்சவனுக்குச் சோறு போடு. உன் ஹிப்பி சொன்னதுல முக்காவாசி அங்க இருக்கு, கஞ்சாதான் இல்ல. முடியைக்கூடக் காட்டல மனுசன், வெள்ளை முக்காடு. அந்த அடுப்பு இன்னும் எரியுது. விடியறதுக்குள்ள எழுந்து எவனோ ஒருத்தன் அரிசி களையறான்டா.

நம்ம யோக்கியதையையும் கேளு. தைப்பூசத்துக்கு வடலூர்ல முண்டியடிச்சு ஜோதி பாத்துட்டு வந்து, மறுநாள் உங்க அத்தை பொண்ணுக்கு வரன் பாக்கையில மொதல்ல என்னா கேட்டோம்? மாப்பிள்ளை என்னா ஆளுன்னு. நீயும் திண்ணையில குந்திக்கிட்டுத்தான் இருந்த, புரட்சிக்காரா. போன்ல இருந்து தலையைத் தூக்கல.

அதனால ஒண்ணு செய். வர்ற பூசத்துக்கு வடலூர் போ. வேடிக்கை பாக்க இல்ல, அண்டா தேய்க்க. குனிஞ்சா அந்த முடி கண்ணுல விழும். உங்க ஆயாகிட்ட ஒரு ரப்பர் பேண்டு வாங்கிக்கிட்டுப் போ.