இன்னுமொரு விசயம்

மாஸ்டர் எழும்பிவிட்டார், குடையை எடுத்துவிட்டார், செருப்பையும் மாட்டிவிட்டார் என்று சந்தோஷப்படாதீர்கள். அவர் இன்னும் போகவில்லை. வாசற்படிக்கு வெளியே ஒரு காலை வைத்த பிறகுதான் அவருக்கு மூளை வேலை செய்யத் தொடங்கும். அப்படியே நின்று, நெற்றியில் ஒரு விரலை வைத்து, மெதுவாகத் திரும்பி, "ஆ... இன்னுமொரு விசயம்" என்பார். இறக்குவானையோ காவத்தையோ பலாங்கொடையோ, அந்தப் பக்கம் எட்டியாந்தோட்டையோ தெரணியகலையோ, நீங்கள் எந்தத் தோட்டத்தில் இருந்தாலும் இவரைத் தெரியும். பென்சன் எடுத்த வாத்தியார். வெள்ளைச் சட்டை, பொக்கெட்டில் இரண்டு பேனை, கையில் பொலித்தீன் பைக்குள் ஒரு ஃபைல்.

படிப்பித்த காலத்தில் மணியடித்ததும் போய்விடுகிற மனிதராகத்தான் இருந்தார். கொழும்பில் வேலை செய்யும் பேரன் ஒரு பென் டிரைவில் பழைய அமெரிக்கத் தொடர் ஒன்றை நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்ததிலிருந்து பிடித்த சனி இது. தொடரின் பெயர் கொலம்போ, 1971இல் தொடங்கியது. பீற்றர் ஃபோக் என்ற நடிகர் கசங்கிய மழைக்கோட்டும் கையில் சுருட்டுமாகப் பணக்காரர்களின் பங்களாக்களுக்குப் போவார். மடத்தனமாக நாலு கேள்வி கேட்பார். நன்றி சொல்லிப் புறப்படுவார். கொலை செய்தவன் அப்பாடா என்று மூச்சு விடும்போது வாசலில் நின்று திரும்பி, இன்னும் ஒரே ஒரு விசயம் என்பார். அந்த ஒரு விசயத்தில்தான் ஆள் மாட்டுவான். (கொழும்புப் படம் என்று நம்பி முதல் நாள் பார்க்க வந்த லயத்துக் கிழவிகள், அரை மணித்தியாலமாகியும் காலிமுகத்திடலைக் காணாமல் எழும்பிப் போனார்கள்.)

கொலம்போவிடம் மாட்டியவர்கள் கொலை செய்தவர்கள். நாங்கள் என்ன செய்தோம்?

லொஸ் ஏஞ்சலிஸில் வருசத்துக்கு 400 மில்லிமீற்றர் மழை பெய்தாலே பெரிய காரியம். அங்கே அந்த மனிதர் எதற்கு மழைக்கோட்டோடு அலைகிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. இரத்தினபுரிப் பக்கத்தில் 3,000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிறது. ஆகவே மாஸ்டரும் பெல்மதுளையில் பழைய உடுப்பு விற்பவனிடம் ஒரு மழைக்கோட்டு வாங்கினார். மழை வந்தால் கோட்டு நனைந்துவிடும் என்று அதைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு குடை பிடிப்பார்.

பென்சன் நாளன்று மாஸ்டர் டவுனுக்குப் போவார். அதே நாளில் போகவேண்டிய தலையெழுத்து எனக்கும் உண்டு. காலை ஏழு மணிக்குப் புறப்பாடு. டீச்சரம்மா, அதாவது அவருடைய மனைவி, கணவர் இஸ்தோப்பை விட்டு இறங்கியதும் கதவைச் சாத்தமாட்டார். பீலிக்கரை வரை போன மனிதர் திரும்பி வருவார் என்று தெரியும். "இன்னுமொரு விசயம், கரண்ட் பில்லு எங்க வச்ச?" பில்லைக் கையில் தயாராக வைத்திருப்பார் டீச்சரம்மா. கொலம்போ தன் மனைவியைப் பற்றி ஓயாமல் பேசுவார், ஆனால் அந்தத் தொடரில் அந்த மனுசியை ஒரு தடவைகூடக் காட்டவில்லை. "தப்பிச்சுக்கிட்டா" என்பது டீச்சரம்மாவின் கருத்து.

பஸ்ஸில் இறங்கும்போது மிதிபலகையில் நின்று கொண்டக்டரிடம் ஒரு விசயம். "பஹின்ன சேர், பஹின்ன" என்று அந்தப் பையன் கையெடுத்துக் கும்பிடுவான். வங்கியில் ஒரு விசயம். மரக்கறிக் கடையில் ஒரு விசயம். இவையெல்லாம் சில்லறை.

கிளினிக்கில் நடப்பது வேறு மாதிரி. டொக்டர் பிரஷர் பார்த்து, மருந்தும் எழுதி, "வேற ஒண்ணும் இல்லியே மாஸ்டர்?" என்று கேட்பார். "ஒண்ணும் இல்லிங்க டொக்டர், ஆண்டவன் புண்ணியத்துல நல்லா இருக்கேன்." எழும்புவார். அடுத்த நம்பர்க்காரர் உள்ளே வந்து கதிரையில் பாதி உட்கார்ந்தும்விடுவார். வாசலில் விரல் நெற்றிக்குப் போகும். "இன்னுமொரு விசயம் டொக்டர். மூணு நாளா படி ஏறினா நெஞ்ச அடைக்கிது." பாதி உட்கார்ந்தவர் எழும்பி வெளியே வரவேண்டும். இசிஜி எடுக்கவேண்டும். இரண்டு மூன்று மாதம் இப்படிப் பதறிய அந்த இளம் டொக்டர் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். இப்போதெல்லாம் மாஸ்டர் உள்ளே வந்ததுமே, "ஒருக்கா வாசல் வரைக்கும் போயிட்டு வாங்க மாஸ்டர், பிறகு பேசுவோம்" என்கிறார்.

ஆனால் மாஸ்டருடைய முழுத் திறமையையும் பார்க்கவேண்டுமானால் போஸ்டாபீஸுக்கு வரவேண்டும். கரண்ட் பில், முத்திரை, ஒரு பதிவுத் தபால், எல்லாம் முடிந்து மிச்சக் காசையும் எண்ணி வாங்கியாயிற்று. கியூவில் எனக்கு முன்னால் இரண்டு பேர், பின்னால் தோட்டத்துச் சனம் ஏழெட்டுப் பேர். எல்லோரும் ஓரடி முன்னால் நகர்கிறோம். "தவ எக தெயக் மிஸ்." சிங்களத்திலும் அதே விசயம்தான். தபால் வான் எத்தனை மணிக்கு வரும்? வந்ததும் பையை யார் பிரிப்பது? மிஸ் பொறுமையாகப் பதில் சொல்கிறார், ஏனென்றால் அவருடைய மகனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் மாஸ்டர். ஓரடி பின்னால் நகர்கிறோம். புறப்படுகிறார். நகர்கிறோம். திரும்புகிறார்.

"தவ எக தெயக். போன மாசம் இந்த நூல்ல ஒரு நீலப் பேனை கட்டியிருந்திச்சு. இப்ப நூல் மட்டும் தொங்குது."

கவுண்டரில் எல்லோரும் பாவிக்கும் பேனை அது. விசாரணை தொடங்கிவிட்டது. கடைசியாக யார் எழுதியது? நூல் அறுந்ததா, அறுக்கப்பட்டதா? வெட்டுவாய் நேராக இருக்கிறதே, அப்படியானால் பிளேட்டா? கியூவில் நின்றவர்கள் ஒருவர் பொக்கெட்டை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொலம்போ தொடரில் குற்றவாளி யாரென்று பார்ப்பவர்களுக்கு முதலிலேயே காட்டிவிடுவார்கள், துப்பறிகிறவருக்குத்தான் தெரியாது. அன்றைக்கு எங்களுக்கும் அப்படித்தான். மாஸ்டரின் பொக்கெட்டில் இருந்த நீலப் பேனையின் வாலில் ஓரங்குல நூல் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. மிஸ் மட்டும் தலையைக் குனிந்து ஏதோ எண்ணுகிற மாதிரி இருந்தார்.

இதைச் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் பன்னிரண்டரை பஸ்ஸை விட்டால் எங்கள் தோட்டத்துப் பக்கம் அடுத்த பஸ் மூன்றரைக்கு. அதுவும் மழையென்றால் வராது, த்ரீவீலுக்குக் காசு சேர்க்கவேண்டும். அந்தக் கியூவில் பால் வெட்டை விட்டுவிட்டு வந்த பொம்பிளை ஒருத்தி நின்றாள். அவளுக்கு அன்றைக்குப் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. கைப்பிள்ளையை வேறு பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு வந்திருந்தாள். வாசலில் நின்று யோசிக்கிற வசதி பென்சன்காரருக்கு உண்டு, அவளுக்கு இல்லை. இதை மாஸ்டரின் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். நான் சொல்லமாட்டேன். அவரிடம் படித்தவன்.

பின்னேரம் ஆறரைக்கு அவர் வீட்டில் தொடர் ஓடும். ஆங்கிலம் தெரியாதவர்களுக்காக நிறுத்தி நிறுத்திச் சொல்வார். எங்கள் வயசுக்காரர்களுக்கு டிவி மர்மம் என்றால் நாகா இயக்கி இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய மர்மதேசம்தான். விடாது கருப்பில் வந்த குதிரைக்குப் பயந்து இருட்டில் பீலிக்குத் தனியே போகாத கூட்டம் நாங்கள். மாஸ்டருக்கு அது பிடிக்காது. "யாருன்னு தெரியாம பயப்படுறது பேய்க்கதை தம்பி. யாருன்னு நல்லாத் தெரிஞ்சும் பிடிக்க ஏலாம இருக்கோமே, அதுதான் நம்ம கதை" என்பார். அதற்குள் கரண்ட் போய்விடும்.

கரண்ட் இல்லாத இரவுகளில் மாஸ்டர் எழுதுவார். ஒரு துப்பறியும் நாவல் பல வருசமாக நடக்கிறது. ஸ்டோரில் கொலை, கணக்கப்பிள்ளை மேல் சந்தேகம். குற்றவாளி எப்போதோ பிடிபட்டுவிட்டான், ஆனால் ஒவ்வொரு கடைசி அத்தியாயத்திலும் இன்ஸ்பெக்டர் வாசலில் திரும்பிவிடுவதால் கதை முடியவில்லை. பத்திரிகைக்கு எழுதும் கடிதங்களும் மனுக்களும் அப்படியே. விசயம் அரைப் பக்கம், கையொப்பம், அதற்குக் கீழே பி.கு. அதற்குக் கீழே இரண்டாவது பி.கு. தாளைத் திருப்பினால் மூன்றாவது.

இந்த வாசல் திரும்பலே ஒரு சோம்பலில் பிறந்தது என்று கேள்வி. கொலம்போவை உருவாக்கியவர்கள் ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்று இரண்டு பேர். ஒரு காட்சியை எழுதி முடித்து, ஆளை வெளியே அனுப்பியும்விட்ட பிறகுதான் காட்சி நீளம் போதாமல் குட்டையாகிவிட்டது தெரிந்ததாம். தட்டச்சில் அடித்த பக்கத்தைத் திரும்ப அடிக்க அலுப்பு. போனவரையே வாசலில் நிறுத்தித் திருப்பிவிட்டார்கள். லிங்க் சொன்ன கதை இது. அங்கே அவர்கள் ஒரு பக்கம் அடிக்கப் பஞ்சிப்பட்டதற்கு இங்கே நான் பன்னிரண்டரை பஸ்ஸை விடுகிறேன்.

ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். எங்கள் லயத்துக் கிழவி ஒருத்தியின் பிறப்புப் பதிவு இல்லையென்று கந்தோரில் சொல்லிவிட்டார்கள். கூடப் போன நாங்கள் எல்லோரும், "சரிங்க ஐயா" என்று திரும்பிவிட்டோம். கந்தோரில் இல்லையென்றால் இல்லைதான் என்று பழகிய கால்கள். மாஸ்டர் மட்டும் வாசலில் நின்றார். "தவ எக தெயக் மஹத்தயா. அடுத்த வருசப் புத்தகத்தையும் ஒருக்கா பாருங்க." தோட்டத்தில் பிள்ளை பிறந்து எத்தனையோ மாதம் கழித்துப் பதிந்தவர்கள் உண்டு என்று அவருக்குத் தெரியும். அடுத்த வருசப் புத்தகத்தில் கிழவி இருந்தாள்.

அந்த நம்பிக்கையில்தான் நான் என் விசயத்தைக் கொண்டுபோனேன். எங்கள் லயங்களுக்கு வீட்டு இலக்கம் கிடையாது. டிவிஷன், தோட்டம், டவுன், அவ்வளவுதான் விலாசம். ஒரே முதலெழுத்தோடு மூன்று ராஜேஸ்வரிகள். கடிதம் எல்லாம் தப்பால் பையில் தோட்டத்து ஆபீசுக்குப் போய், அங்கே யாருக்கு எப்போது நேரம் வருகிறதோ அப்போது கைக்கு வரும். நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அதற்கான அழைப்பு வந்த வீடுகள் எத்தனையோ தோட்டங்களில் உண்டு. எங்கள் வீடு அதில் ஒன்று.

மாஸ்டர் உற்சாகமாகிவிட்டார். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்கு வேலை செய்ய எப்படித் தடையாக இருந்தது, 2018இல் அதை எப்படித் திருத்தினார்கள் என்றெல்லாம் எடுத்துக்காட்டி, வீட்டுக்கு ஓர் இலக்கம் வேண்டுமென்று பிரதேச சபைக்கு அழகாக அரைப் பக்கம் எழுதினார். எனக்குக் கண்ணே கலங்கியது. கையொப்பம் போட்டார். பிறகு பி.கு. தொடங்கியது. சந்தி விளக்கு, தவறணைக்குப் பக்கத்துப் பாலம், பெரிய ரோட்டுப் பஸ் தரிப்பிடத்துக் கூரையில் ஓட்டை.

பதில் வந்தது. சிங்களத்தில்தான், ஆபீசில் பத்து நாள் தூங்கிய பிறகுதான். தங்கள் கடிதம் கிடைத்தது, பஸ் தரிப்பிடத்தின் கூரைத் தகரத்தை மாற்ற நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது. இலக்கத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. தகரம் உண்மையாகவே வந்துவிட்டது. பஸ்ஸை விட்டவர்கள் இப்போது நனையாமல் நிற்கலாம்.

திரும்ப எழுதலாம் தம்பி என்கிறார் மாஸ்டர். எழுதுங்கள், ஆனால் கடிதத்தில் கூரையைப் பாராட்டி நாலு வரி மட்டும் போடுங்கள், இலக்கத்தை மூன்றாவது பி.கு.வில் வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.