கோணல் கோடு

2001-இல் தங்கச் சுரங்கம் மூடியபின் கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு ரயிலேறி மென்பொருள் எழுதப் போகிற எங்களுக்கு ஒரு வசதி: மேலே தெரிவதை நம்பக் கூடாது என்று ஊரே கற்றுக்கொடுத்திருக்கிறது. தரைக்கு மேல் ஓர் இரும்புக் கோபுரம், ஒரு சக்கரம், அவ்வளவுதான். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் அதற்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம்.

வாடிக்கையாளருக்கு இந்தப் பூகோளம் தெரியாது. பளபளவென்று ஒரு திரையை வரைந்து காட்டினால், "அதான் முடிஞ்சிருச்சே, திங்கக்கிழமை குடுத்துருங்க" என்பார். பின்னால் ஒரு வரி நிரல்கூட இருக்காது. திரை என்பது பனிப்பாறையின் நுனி மட்டுமே என்று அமெரிக்க நிரலாளர் ஜோயல் ஸ்போல்ஸ்கி 2002-லேயே எழுதிவிட்டார். எங்களூரில் பனிப்பாறை ஏது? தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுதான்.

ஆகவே மாதிரித் திரைகளை வேண்டுமென்றே அலங்கோலமாக வரைகிறோம். 2008-இல் வந்த பால்சாமிக் என்ற மென்பொருள் கைநடுக்கத்தையே கணினியில் ஏற்றி விற்கிறது. நேர்கோடு போடத் தெரிந்தவன் காசு கொடுத்துக் கோணல் கோடு வாங்குகிறான்! போன வாரம் நானும் பொத்தான்களை நெளியவிட்டு, 'மாதிரி' என்று கொட்டை எழுத்தில் போட்டு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "சூப்பர் சார். அந்தக் கோட்ட மட்டும் நேராக்கிருங்க. மத்தபடி ரெடிதானே?"