சத்தத்துக்கும் காசு, சத்தம் போகவும் காசு

எண்பதுகளில் எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் விசேஷம் என்றால் முதல் அட்வான்ஸ் மைக் செட்டுக்குத்தான் போகும். பந்தல், சமையல், மேளமெல்லாம் அப்புறம். முந்தின நாள் சாயந்திரமே மைக் செட்காரர் சைக்கிள் கேரியரில் ஆம்ப்ளிஃபயரைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். வேப்பமரத்தில் ஏறி ஒரு கூம்பு ஸ்பீக்கரைக் கிழக்கே பார்த்தும் இன்னொன்றை மேற்கே பார்த்தும் கட்டுவார். கிழக்கே பார்த்தது ஊருக்கு. மேற்கே பார்த்தது பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டுக்கு. விடிகாலை பக்திப் பாட்டில் ஆரம்பித்து, மத்தியானம் மொய்ப்பணத்தை ஆள் பேரோடு வாசித்து முடிக்கும்வரை ஓயாது. "சத்தமே இல்லாம முடிச்சுட்டானே" என்று ஒரு கல்யாணத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், அது பாராட்டு இல்லை.

வீட்டுக்குள்ளும் அதே கொள்கைதான். பர்மா பஜாரில் பேரம் பேசி மாமா வாங்கி வந்த டூ-இன்-ஒன் எங்கள் தெருவுக்கே பொது. அதன் சத்தம் போதாது என்று தனியாக ஒரு ஸ்பீக்கர் வாங்கி, மண்பானை வாயில் கவிழ்த்து மூலையில் வைத்தார். பானைக்குள் காற்று அதிர்ந்து பேஸ் 'தும் தும்' என்று வரும். பானை வாங்கப் போன இடத்தில் "தண்ணிக்கா, பாட்டுக்கா?" என்று கேட்டு, வாயின் அகலம் பார்த்துக் கொடுத்தார்கள். வால்யூமைக் குறைத்து வைத்துக் கேட்பவனைக் கஞ்சன் என்றுதான் நினைத்தோம். நாலு வீட்டுக்குக் கேட்காத பாட்டுக்கு எதற்கு கரண்ட்?

பயணமும் அப்படித்தான். மதுரைக்கும் மெட்ராசுக்கும் ஓடிய தனியார் பஸ்களின் நெற்றியில் 'வீடியோ கோச்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். டிக்கெட்டும் அதற்கேற்ற விலை. டிரைவருக்குப் பின்னால் கூண்டுக்குள் ஒரு டி.வி. பஸ் ஊரைத் தாண்டியதும் கிளீனர் கேசட்டைச் செருகுவார். முதல் படத்தின் கிளைமாக்ஸ் சண்டை முடிய நடுநிசி ஆகும். உடனே இரண்டாவது படம். தூங்க ஆசைப்பட்டவர்கள் காதில் பஞ்சு அடைத்து, மேலே மஃப்ளரைச் சுற்றிக்கொள்வார்கள். நாய்ஸ் கேன்சலிங்கின் அன்றைய மாடல் அது. சார்ஜ் போடும் வேலை கிடையாது. ஸ்பீக்கருக்கு நேர் கீழே உட்கார்ந்த பெரியவர் "கொஞ்சம் கொறைங்க தம்பி" என்று கெஞ்சினால், பின்சீட்டிலிருந்து பதில் வரும்: "காசு குடுத்துருக்கோம்ல!"

அப்படிக் குரல் கொடுத்தவர்களுக்கெல்லாம் இப்போது அறுபது வயது நெருங்குகிறது. அதே ஆட்கள்தான் இன்று சத்தம் கேட்காமல் இருப்பதற்காக மாதாமாதம் இ.எம்.ஐ. கட்டுகிறார்கள். வரிசையில் நானும் நிற்கிறேன். வீட்டிலிருந்தே நாலு கடைகளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். மகள் சிங்கப்பூரில் இருப்பதால் அவ்வப்போது ராத்திரி விமானம். சொந்த ஊருக்கு ரயில். "அப்பா, ஒரு நல்ல நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் வாங்கிக்குங்க. ஃப்ளைட்டுக்கும் ஆச்சு, வீட்டுக்கும் ஆச்சு" என்று அவள்தான் ஆரம்பித்து வைத்தாள்.

சத்தத்தைச் சத்தத்தாலேயே அடக்கலாம் என்ற யோசனைக்கு வயது அதிகம். பால் லூக் என்ற ஜெர்மானியர் 1936-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார். அதைக் கையில் பிடிக்கிற பொருளாக்க அன்றைய எலெக்ட்ரானிக்ஸ் போதவில்லை. 1978-ல் அமர் போஸ் ஜூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தார். எம்.ஐ.டி. பேராசிரியர், ஸ்பீக்கர் கம்பெனி முதலாளி, வெள்ளைக்கார போலீசுக்குத் தப்பி வங்காளத்திலிருந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்தவரின் மகன். விமானத்தில் கொடுத்த ஹெட்போனை மாட்டினால் பாட்டை அமுக்கிக்கொண்டு எஞ்சின் இரைந்தது. நாமாக இருந்தால் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு ஒரு பஞ்சாயத்து வைத்திருப்போம். அவர் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். 1986-ல் பெட்ரோல் நிரப்பாமல் நிற்காமல் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்தில், அதன் இரண்டு விமானிகளின் காதைக் காப்பாற்றியது அவர் கம்பெனியின் மாதிரி ஹெட்செட். 1989-ல் விமானிகளுக்கு விற்பனைக்கு வந்தது. சாதாரணப் பயணிக்கு வந்து சேர 2000 ஆகிவிட்டது. அங்கே அவர்கள் சத்தத்தைக் குறைக்க வழி தேடிய அதே வருஷங்களில்தான் இங்கே நாங்கள் பானைக்கு அலைந்துகொண்டிருந்தோம்.

விஷயம் ரொம்ப எளிது. ஹெட்போனின் மைக், வெளியிலிருந்து வரும் சத்தத்தின் அலையைக் கேட்கும். உள்ளே இருக்கும் சிப், அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கும். ஊஞ்சல் முன்னால் வருகிற அதே கணத்தில் அதே வேகத்தோடு எதிரே நின்று தள்ளினால் ஊஞ்சல் நின்றுவிடுகிறதல்லவா, அவ்வளவுதான். ஆனால் ஊஞ்சல் ஒரே சீராக ஆட வேண்டும். விமான எஞ்சின், ஏ.சி., ஃபேன் போன்ற அடித்தொண்டைச் சத்தங்கள் சீராக வருபவை, அலையும் நீளம். நூறு ஹெர்ட்ஸ் இரைச்சலின் ஓர் அலை மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மூவாயிரம் ஹெர்ட்ஸ் கீச்சுக்கு 11 சென்டிமீட்டர்தான். அத்தனை சின்ன அலைக்கு நேர் எதிரே, சரியான கணத்தில் போய் நிற்க எந்தச் சிப்புக்கும் சிரமம். அதனால் கீச்சுச் சத்தத்தைத் தடுக்கும் வேலை காதைச் சுற்றியிருக்கும் மெத்தைக்கும், காதுக்குள் போகும் ரப்பருக்கும் வந்து சேர்கிறது. அதாவது, பழைய பஞ்சும் மஃப்ளரும் இன்னும் வேலையை விட்டுப் போகவில்லை. பெட்டியில் போட்டிருக்கும் பெரிய டெசிபல் கணக்கு, சிப் நன்றாக வேலை செய்யும் ஏதோ ஒரு தாழ்ந்த ஒலிக்கு உரியது.

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைப்பையனுக்கு இருபது வயது இருக்கும்.

"ஓவர் இயரா சார், பட்ஸா?"

"எது சத்தத்த நல்லா அடக்கும்?"

"எதுக்கு சார்? ஃப்ளைட்டுக்கா, வீட்டுக்கா?"

"ரெண்டுக்கும்."

"ரெண்டுக்கும்னா பட்ஜெட் கொஞ்சம் ஏறும் சார்."

இரண்டாயிரத்தில் ஆரம்பித்து நாற்பதாயிரத்தைத் தாண்டி வரிசையாக எடுத்து வைத்தான். ஒன்றை மாட்டிவிட்டான். கடையின் ஏ.சி. இரைச்சல் யாரோ கழுத்தைப் பிடித்ததுபோல் நின்றுபோனது. "எப்டி இருக்கு சார்?" என்று அவன் கேட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது. தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்ததும் கேட்டது. மூக்குக்கண்ணாடியின் காம்பு மெத்தையைத் தூக்கிப் பிடிப்பதால் ஓரத்தில் சத்தம் ஒழுகுகிறது என்று விளக்கம் சொன்னான். கண்ணாடியைக் கழற்றினால் அமைதி பிரமாதம். போட்டால்தான் விலை தெரியும். காம்பு மெல்லிசாக இருந்தாலோ, மெத்தை மிருதுவாக இருந்தாலோ பிரச்சினை குறையும் என்பது அங்கே நாலைந்தை மாட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

பட்ஸ் சட்டைப்பையில் அடங்கும், கண்ணாடியோடு சண்டை போடாது, சித்திரை வெயிலில் காது வேர்க்காது. ஆனால் கூட வரும் மூன்று அளவு ரப்பரில் சரியானது அமையாவிட்டால் அடக்கும் சக்தி பாதி போயிற்று. விமான சீட்டுத் திரையில் படம் பார்க்க அதில் வயரும் கிடையாது. அதற்குத் தனியாக ஒரு புளூடூத் டிரான்ஸ்மிட்டர் செருக வேண்டும். பெரிய ஹெட்போனில் வயர் போடலாம், ஒரு சார்ஜில் முப்பது மணி நேரம் ஓடும் வகைகள் உண்டு. கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் ஒரே நேரத்தில் இணைந்து நிற்கும். இரண்டு வருஷத்தில் தோல் உரியும்போது மெத்தை தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. மடங்குமா என்றும் பார்க்க வேண்டும். சோனியின் டபிள்யூ.எச்-1000 வரிசையில் 2020-ல் வந்த நாலாவது மாடல் மடங்கும். 2022-ல் வந்த அஞ்சாவது மடங்காது. 2025-ல் வந்த ஆறாவது மறுபடி மடங்குகிறது. முன்னேற்றம் என்றால் சும்மாவா?

பெரியதாக ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் வைத்துப் பார்த்தேன். ஃபேன் சத்தம் போயே போயிற்று. ஏ.சி. போயிற்று. கிரைண்டரின் கடகடப்பில் முக்கால்வாசி காணோம். மிக்ஸி கொஞ்சம் தணிந்தது. அதற்குப் பிறகுதான் வேடிக்கை. இத்தனை நாள் ஃபேன் இரைச்சலில் அமுங்கிக் கிடந்ததெல்லாம் தலைதூக்கின. பக்கத்து பிளாட்டில் மாமியாரும் மருமகளும் கறிவேப்பிலை பற்றிப் பேசுவது வார்த்தை பிசகாமல் வந்தது. "பழைய இரும்பு, ஈயம், பித்தளை" என்று பேட்டரி ஸ்பீக்கரில் பதிவுசெய்த குரல் மூன்று மாடி ஏறி வந்தது. குக்கர் விசில் எந்த மெத்தையையும் மதிக்கவில்லை. "என்னங்க..." என்ற அழைப்பும் அப்படியே.

யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. யாரிடமும் எதுவும் கேட்காமல் தன்பாட்டுக்குச் சுற்றுகிற, இரைகிற சத்தத்தை இந்த இயந்திரம் அடக்கிவிடுகிறது. நம்மிடம் ஏதோ கேட்டு வருகிற சத்தத்தை விட்டுவிடுகிறது. எஞ்சினை வாயை மூடவைக்க எம்.ஐ.டி. கணக்குப் போதும்; மாவு அரைக்கக் கூப்பிடுகிற குரலுக்கு இன்னும் கணக்கு வரவில்லை.

விமானத்தில் நிஜமாகவே பலன் உண்டு. பறக்கும்போது உள்ளே 80 டெசிபலை ஒட்டி இரைச்சல் இருக்கும். நாலு மணி நேரம் அதைக் கேட்டு இறங்கினால் காரணம் தெரியாத ஓர் அசதி. மாட்டிக்கொண்டு போனபோது அந்த அசதி இல்லை. பாட்டையும் பாதி வால்யூமில் கேட்க முடிந்தது. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெளிச்சத்தம் குறைந்தால் அது தானாகவே நடக்கும். முன்வரிசைக் குழந்தையின் அழுகையில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை.

ரயில் வேறு ரகம். எழும்பூரில் ஏறி மாட்டியதும் சக்கரத்தின் தடதடப்பு எங்கோ தூரத்துக்குப் போய்விடும். போன இடத்தில் எதிர் பெர்த்துக்காரர் போனில் ரீல்ஸ் வந்து உட்காரும். அன்றைக்குப் பஸ் முழுக்க ஒரே படம். பிடிக்காவிட்டாலும் கதையாவது புரியும். இன்றைக்கு ஆளுக்கொரு போன், பதினைந்து விநாடிக்கு ஒரு பாட்டு. ஒருவரிடம் "கொஞ்சம் ஹெட்போன் போட்டுக்கிறீங்களா சார்?" என்று கேட்டேன். என் காதைப் பார்த்தார். "அதான் நீங்க போட்ருக்கீங்களே" என்றார். சத்தம் போடுபவன் பொறுப்பு, கேட்பவன் செலவாக மாறிவிட்டது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று எழுதிவைத்திருக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு மேல் வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பதும் அதில் உண்டு. அந்த விதியை நம்பித் தூங்கியவர்களைவிட ஹெட்போனை நம்பித் தூங்கியவர்கள் எண்ணிக்கை கூடுதலாகத்தான் இருக்கும்.

இந்த ஹெட்போனில் ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் வெளிச்சத்தம் அத்தனையும் மைக் வழியாக உள்ளே வரும். ரோட்டைக் கடக்கவும், ஸ்டேஷன் அறிவிப்பு கேட்கவும் உதவும். காது சும்மா செய்துகொண்டிருந்த வேலைக்கு முதலில் பூட்டுப் போட்டு, பிறகு சாவியைத் தனி வசதி என்று சேர்த்து விற்கிறார்கள். போதாததற்கு, இத்தனை செலவில் வாங்கிய அமைதியில் தூக்கம் வரவில்லை என்று பலரும் செயலியில் மழைச் சத்தம் போட்டுக்கொள்கிறார்கள். அதில் ரயில் சத்தமும் உண்டு. மேல் பெர்த்தில் ஒரு பையன், ஓடுகிற ரயிலின் சத்தத்தை அடக்கிவிட்டு, பதிவுசெய்த ரயில் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்கினான். திரையில் 'இரவு ரயில்' என்று எழுதியிருந்தது.

வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் வாங்கலாம் என்றுதான் சொல்கிறேன். அடிக்கடி விமானம் ஏறுகிறவர்கள் காசைப் பார்க்க வேண்டாம். வீட்டில் ஏ.சி.யும் ஃபேனும்தான் தொந்தரவு என்றால் நடுத்தர விலையில் ஒன்று போதும். மனிதர்கள்தான் தொந்தரவு என்றால் எந்த விலையிலும் தீர்வு இல்லை, கதவுதான். கண்ணாடியோடு போய், மாட்டிப் பார்த்து வாங்குங்கள். என்ன ஆனாலும் வீட்டுக்கு ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "எனக்கும் ஒண்ணு ஆர்டர் பண்ணுங்களேன்" என்று என் மனைவி கேட்டு ஒரு மாதம் ஆகிறது. ஆஃபர் வரட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். இரண்டு பேரும் மாட்டிக்கொண்டால் குக்கரை யார் இறக்குவது?