கைமருந்து அம்மான்

"இதுக்குப் போயி கடைக்காரரக் கூப்புடுறீகளா? கைமருந்து இருக்குல்ல!"

முகப்பில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவார். வீட்டுக்குள் எது கெட்டிருக்கிறது என்று அதுவரை அவருக்குத் தெரியாது. விக்கலுக்கு ஒன்று, கதவுக் கீலுக்கு ஒன்று என்று அவரிடம் மருந்து பல இருந்தாலும், அம்மான் பெயரெடுத்தது அயன் பாக்ஸின் அடிப்பாகத்தில்தான். உங்கள் வீட்டுக்கும் ஒருவர் வருவார். முறை மட்டும் வேறாக இருக்கும்: சித்தப்பா, மச்சான், மாடி வீட்டு சார்.

நோயைக் கொண்டுவருகிறவரும் அவரேதான். போன ஆவணியில் காரைக்குடியில் ஒரு கல்யாணம். விடிகாலையில் எங்கள் அயன் பாக்ஸை எடுத்துக் குமிழை மூன்று புள்ளிக்குத் திருகி, சட்டையைத் தேய்த்தார். அந்தச் சட்டைப்பையிலிருந்து முந்தைய கல்யாணத்து வாசனைப் பாக்குப் பொட்டலம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று புள்ளி என்றால் ஏறக்குறைய 200 டிகிரி. பாலித்தீன் 130 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். உறை உருகி, உள்ளிருந்த சர்க்கரை பாகாகி, பாக்கு அதில் பதிந்து, பெட்டியின் அடியில் ஒரு புது பலகாரமே தயாராகிவிட்டது.

"பதறாதீக" என்றார். பதறியது நாங்கள்தான்; அவர் முகத்தில் வைத்தியக் களை வந்திருந்தது.

முதல் மருந்து உப்பு. பழைய செய்தித்தாளில் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் சூட்டோடு தேய்த்தார். வந்த சத்தத்தில் பக்கத்து வளவில் ஜன்னல் திறந்தது. அடுத்து மெழுகுவர்த்தி. அதற்கடுத்து பற்பசை. பிறகு, குத்துவிளக்குக்கு ஆகும் என்பதால் புளியும் திருநீறும். ஒவ்வொன்றும் தோற்கும்போது "மருந்து வேல செய்யுது, கொஞ்சம் பொறுங்க" என்பார்.

கடைசியில் தன் பையிலிருந்து பாராசிட்டமால் அட்டையை எடுத்தார். சூடான பெட்டியில் மாத்திரையை வைத்துத் தேய்த்தால் கறை கழன்றுவிடுமாம். இதை அவர் ஒன்றும் சும்மா சொல்லவில்லை. நாட்டில் பலரும் செய்கிற வேலைதான். அந்த மாத்திரை 170 டிகிரிக்குப் பக்கத்தில் உருகும். உருகியது கருகலுக்கு அடியில் இறங்கி அதை இளக்கிவிடும். ஆனால் அம்மானுக்கு வந்த சந்தேகம் வேறு.

"ஐந்நூறு போதுமா, அறுநூத்தம்பது குடுப்பமா?"

அறுநூற்றைம்பதே கொடுத்தார். சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று என் வீட்டு ஆச்சி கேட்டாள். அவர் அதையும் யோசித்தார். பத்து நிமிஷத்தில் பட்டாலை முழுக்க மருந்துக்கடை தீப்பற்றிய மாதிரி ஒரு புகை. நோயாளிக்குக் குணமில்லை, எங்கள் எல்லோருக்கும் தலைவலி. தலைவலிக்குப் போட மாத்திரை தீர்ந்திருந்தது.

சந்தேகப்பட்டு ஏதாவது சொன்னால் காரைக்குடி சிக்ரியைச் சாட்சிக்கு இழுப்பார். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மின்வேதியியல் ஆய்வகம். உலோகத்துக்குப் பூச்சு போடுவது, துருவைத் தடுப்பது எல்லாம் அங்கே ஆராய்ச்சி. அம்மானுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு, அதன் மதிலோரமாக முப்பது வருஷம் காலைநடை போனது.

உள்ளே ஒருநாள் போயிருந்தால் ஒன்று தெரிந்திருக்கும். எங்கள் பெட்டியின் அடியில் இருந்தது வெறும் உலோகமல்ல, ஒட்டாப் பூச்சு. தோசைக்கல்லில் வரும் அதே டெஃப்லான் வகை. கல்லுப்பு பட்டாலே அதற்கு ஆயுள் முடிந்தது. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து மெருகேற்றிய எங்கள் வீட்டுச் சுவரில் இன்றைக்கும் முகம் பார்க்கலாம். மூன்று வருஷத்துப் பெட்டியின் அடியில் இப்போது தேங்காய் துருவலாம். ஆச்சியின் வெள்ளை ரவிக்கை இரண்டு அதில் போயிற்று. பெட்டிக்கான பணத்தைப் பற்றி அம்மான் இன்றுவரை வாயே திறக்கவில்லை. இதை நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

தெருமுனைத் தேய்ப்பு வண்டிக்காரர் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மொதல்லயே கொண்டாந்திருக்கலாமே" என்றார். லேசாகச் சூடேற்றி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இளகியதை மரக்கரண்டியால் தள்ளி, ஈரப் பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அம்மான் சிறுவனாக இருந்தபோது வளவு முழுக்க ஒரே ஒரு கரிப்பெட்டி. பித்தளை உடம்பு, கனத்த அடி. கொட்டாங்குச்சிக் கரியை ஊதிக் கனியவைத்து, ஒன்பது உருப்படி வேட்டி தேய்த்து முடிப்பது அவர் வேலை. கஞ்சி பிடித்துக் கருகினால் உப்பிலே தேய்ப்பார். பித்தளை கறுத்தால் புளி போடுவார். அந்தப் பெட்டிக்கு அவர் மருந்து அத்தனையும் சரி. வீட்டைப் பங்கு பிரித்தபோது அதை விற்றுவிட்டார்கள். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் அதுபோன்ற பெட்டியைப் பார்த்தால் அம்மான் நின்றுவிடுவார். எடுத்துத் திருப்பி, அடியைத் தடவிப் பார்த்து, "இதுக்கு ஒண்ணும் வராது" என்று சொல்லி வைப்பார். அந்த நேரத்தில் அவரைக் கோபிக்க முடிவதில்லை.

புதுப் பெட்டி வாங்கிவிட்டோம். அது இப்போது இரண்டாங்கட்டில், சீர் அண்டாவுக்குள் இருக்கிறது. அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்கு அம்மான் வருகிறார். வழியில் அவரைப் பார்க்கிறவர்கள் தயவுசெய்து அந்தச் சட்டைப்பையை ஒருமுறை தடவிப் பார்த்து அனுப்புங்கள்.