மார்பிலிருந்து இடுப்புக்கு

எழுபதுகளில் ஈப்போவில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: இரவு கடைத்தெரு அடங்கியதும் சீனர் கடைகளின் ஐந்தடி நடைபாதையில் கயிற்றுக் கட்டில்கள் விரியும், ஒவ்வொன்றிலும் வெள்ளைத் தாடியோடு ஒரு ஜாகா, அதாவது சீக்கியக் காவல்காரர், உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் ஒரு தடியும் ஒரு பித்தளைச் சொம்பும் இருக்கும், அந்தத் தடியையும் தாடியையும் நம்பி நகைக்கடைக்காரரும் அடகுக்கடைக்காரரும் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவார்கள். ஜாகாவும் நிம்மதியாகத்தான் தூங்குவார் என்பது வேறு விஷயம். எங்கள் வீட்டில் சீக்கியர்களை வங்காளி என்றுதான் சொல்வார்கள். பஞ்சாபுக்கும் வங்காளத்துக்கும் நடுவே எத்தனை நாள் ரயில் பயணம் என்று எங்கள் பகுதியான புந்தோங்கில் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளும் அவசரமும் இருந்ததில்லை. அவர்களுக்கு மட்டும் நாங்கள் ஆவடிக்காரர்களா மதுரைக்காரர்களா என்று தெரிந்திருந்ததா என்ன?

எங்கள் சடக்குக்குப் பின்னால், கடலை வறுக்கும் வாசனை முடிந்து சாணி வாசனை தொடங்கும் இடத்தில், ஒரு பால்காரர் குடும்பம் இருந்தது. பெரியவரை ஊரே பாபாஜி என்றுதான் கூப்பிடும். விடியுமுன் மாட்டுக்குப் புல் அறுத்து, பால் கறந்து, சைக்கிளின் இரண்டு பக்கமும் பால் கேன்களைத் தொங்கவிட்டு, ஈப்போவின் மேடு பள்ளமெல்லாம் மிதித்துவிட்டுத் திரும்பும்போது வெயில் ஏறியிருக்கும். அதன் பிறகுதான் பசியாறல். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் அதை வேடிக்கை பார்ப்பேன். என் விரல் தடிமனுக்கு ரொட்டி, கறுப்பு உளுந்தில் கெட்டியாகப் பருப்பு, அதன் நடுவில் உருகிக்கொண்டே இருக்கும் ஒரு கட்டி வெண்ணெய். கடுகுக் கீரை கிடைக்காத ஊரில் சீனர் தோட்டத்துச் சாவிக் கீரையைக் கடைந்து அந்த வீட்டுப் பாட்டி சாக் என்று பெயர் சூட்டிவிட்டிருந்தார். எல்லாம் பரிமாறியானதும் பாபாஜி ஒரு பெரிய வெங்காயத்தைத் திண்ணையில் வைத்து முஷ்டியால் ஒரே குத்து விடுவார். வெங்காயம் பிளந்து, காரமான நடுத்தண்டு தனியாகத் தெறித்து ஓடும். மிச்சத்தில் உப்பைத் தூவி வாயில் போட்டுக்கொள்வார். கடைசியில் ஒரு பெரிய பித்தளை டம்ளர் நிறைய மோர். மீசையில் ஒட்டிய நுரையைத் துடைக்கக்கூட மாட்டார், அதுவாகக் காயும்.

அந்த வெங்காயக் குத்தில்தான் நான் மயங்கினேன். பலமெல்லாம் பாலில் இருக்கிறது என்று என் அம்மாவும் நம்பியதால், தினமும் ஒரு டம்ளர் கூடுதலாக வாங்கி என் தொண்டையில் இறக்கப்பட்டது. பாபாஜியின் பேரன் என் வகுப்புத் தோழன். அவன் எண்ண, நான் தண்டால் எடுக்க, கை நடுங்கி மூக்கு மண்ணில் புதைய, அவனுடைய பாட்டி கடுகெண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடி வந்து தேய்த்துவிட்ட அந்த நெடி இன்னும் எனக்கு ஞாபகமிருக்கிறது. பால் கேனைத் தூக்கிக்கொண்டு அத்தனை மைல் சைக்கிள் மிதித்ததுதான் பாபாஜியின் மருந்து, பால் வெறும் சரக்கு என்று எனக்குச் சொல்ல யாருமில்லை. சொல்லியிருந்தாலும் பால் குடிப்பதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன், சைக்கிள் மிதிப்பதையல்ல; எனக்கு என்னைத் தெரியும்.

சீக்கியர்கள் இங்கே வந்து சேர்ந்ததே உடம்பை வைத்துத்தான். 1873இல் கேப்டன் ஸ்பீடி என்ற வெள்ளைக்காரர் எங்கள் பேராக் மாநிலத்தின் லாருட் ஈயச் சுரங்கங்களின் சண்டையை அடக்க இந்தியாவிலிருந்து ஆள் திரட்டி வந்தார். பேராக் ஆயுதப் போலீஸ் என்றும், பிறகு பேராக் சீக்கியர் படை என்றும் வளர்ந்து, 1896இல் தைப்பிங்கைத் தலைமையிடமாகக் கொண்ட மலாய் மாநில கைட்ஸ் ஆகி, 1919இல் கலைக்கப்பட்டது அந்தப் படை. படையில் சேர உயரம் பார்ப்பார்கள், நாடாவைச் சுற்றி மார்பை அளப்பார்கள். அளவு தேறியவர் போலீஸ், தேறாதவர் ஜாகா, இரண்டும் வேண்டாமென்றவர் மாடு வாங்கினார் என்று பாபாஜி எங்களிடம் சொல்வார். அவர் அப்பா மூன்றையும் செய்தவராம்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் குருத்துவாரா. அழைப்பு வேண்டாம், மதம் வேண்டாம், தலையில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டால் போதும். என் தோழன் பின்னால் போய் வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுவேன். கீர்த்தன் முடியும்வரை பக்தியோடு இருப்பதாகக் காட்டிக்கொள்வதுதான் கஷ்டம், மூக்கு முழுக்க சமையலறைப் பக்கமே இருக்கும். கோதுமை மாவும் சர்க்கரையும் நெய்யும் சம எடையில் போட்டுக் கிண்டிய சூடான பிரசாதத்தை இரு கையையும் குவித்து வாங்குவேன். தின்ற பின் உள்ளங்கையில் மினுமினுக்கும் நெய்யைத் துடைக்க மனம் வராமல் முழங்கை வரை பூசிக்கொள்வேன். இப்போது அதே குருத்துவாராவில், "எனக்குக் கொஞ்சமா போதும்" என்று பிரசாதத்தை விரல் நுனியால் கிள்ளி வாங்கும் பெரியவர்கள்தான் அதிகம். அவர்களைப் பார்த்து நானும் கிள்ளியே வாங்குகிறேன், பிறகு வரிசையின் கடைசியில் இன்னொரு முறை நிற்கிறேன்.

அன்றைக்கு உடற்பயிற்சி என்று ஒன்றை யாரும் செய்ததாக நினைவில்லை. ஹாக்கி ஆடினோம், அவ்வளவுதான். 1975இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பை நடந்தபோது எங்கள் சடக்கே வானொலிப் பெட்டிக்குள் புகுந்துகொண்டது. அரையிறுதியில் மலேசியாவை இந்தியா 3-2 என்று வென்ற அன்று யாருக்காகக் கைதட்டுவது, யாருக்காக அழுவது என்று தெரியாமல் தமிழனும் பஞ்சாபியும் சேர்ந்தே விழித்தோம். அஜித்பால் சிங்கின் அணி பாகிஸ்தானை 2-1 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியதும் பாபாஜி அன்றைய பாலைக் காசு வாங்காமல் ஊற்றினார். ஆடி முடித்து வியர்வையோடு சிவப்புச் சர்பத் ஊற்றிய ஐஸ் பந்தைக் கையில் வைத்து உறிஞ்சுவோமே, அதில் எத்தனை சர்க்கரை என்று அன்று எவன் கேட்டான்! வீட்டுக்குத் திரும்பும்போது காலிப் பால் டின்னில் கயிறு கட்டித் தேத்தண்ணி வாங்கிப் போவோம். அந்த டின்னின் அடியில் தங்கிய இனிப்புக்குத் தனிச் சண்டை நடக்கும்.

பிறகு முன்னேறினோம். மாடுகளை ஊருக்கு வெளியே கொண்டு போகச் சொன்னார்கள். மாடு போனதும் சைக்கிள் போனது, சைக்கிள் போனதும் பாபாஜியின் மகன் கார் வாங்கினார், பேரன் குளிர்சாதன அறையில் கணக்கு எழுதினான். உழைப்பு மட்டும் வீட்டைவிட்டுப் போனது, சமையல் அப்படியே இருந்தது. பாபாஜி சாப்பிட்ட அதே தடிமன் ரொட்டி, அதே வெண்ணெய், அதோடு இந்த நாடு கொடுத்த ரொட்டி சானாய், மைலோ, மீ கோரெங், நள்ளிரவு தே தாரிக் எல்லாம் மேலதிகம். கல்யாண வீடுகளில் தந்தூரிக் கோழி மேசைக்கு வருமுன் விஸ்கி வந்தது. மார்க்கத்தில் மது கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் கிளாஸை மேசைக்கடியில் வைத்துக்கொள்வார்கள். கள்ளுக்கடை வாசலில் சொந்தக்காரர்களைத் தேடிப் பிடித்து அழைத்து வந்த பரம்பரை என்னுடையது, இதில் நான் வாய் திறப்பதாக இல்லை.

நெய்யின் கதைதான் பெரிய கூத்து. எண்பதுகளில் டாக்டர் ஒருவர் என் தோழனின் அம்மாவிடம் நெய் விஷம், மார்ஜரின் தடவுங்கள் என்றார். அந்த அம்மாள் கியூ.பி.பி. நெய் டின்னை அலமாரியின் மேல்தட்டில் ஒளித்துவைத்து, மஞ்சள் மார்ஜரினை ரொட்டியில் தடவி, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். இப்போது மார்ஜரின்தான் ஆகாது, நெய் அமிர்தம் என்கிறார்கள். பெர்த்தில் இருக்கும் பாபாஜியின் கொள்ளுப்பேத்தி காலையில் காப்பியில் நெய் ஊற்றிக் குடிக்கிறாளாம், மதியம்வரை வேறெதுவும் தொடமாட்டாளாம், அதற்கு ஒரு செயலிக்கு மாதச் சந்தா கட்டுகிறாளாம். இரண்டு வேளைக்கு மேல் சாப்பிட நேரமே இல்லாமல் வாழ்ந்த பாபாஜி இதற்குச் சந்தா வசூலித்திருந்தால் எத்தனை மாடு வாங்கியிருக்கலாம்!

பாபாஜி குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் ஃபௌஜா சிங் படம் வராத வாரம் கிடையாது. என்னையும் எப்படியோ அதில் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். ஜலந்தர் பக்கம் பியாஸ் பிண்டில் 1911இல் பிறந்து, கால் வலுவில்லாமல் ஐந்து வயதுவரை நடக்காமல் கிடந்து, முதுமையில் இங்கிலாந்துக்குப் போய், 89 வயதில் லண்டன் மராத்தானை ஓடி, 2011இல் டொராண்டோவில் 100 வயதில் 8 மணி 11 நிமிடத்தில் முழு மராத்தானையும் முடித்த மனிதர். கையில் பாஸ்போர்ட் இருந்தது, நூறாம் பிறந்தநாளுக்கு இங்கிலாந்து ராணி அனுப்பிய வாழ்த்தும் இருந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லையென்று கின்னஸ்காரர்கள் சாதனையைப் பதியவில்லை. சப்பாத்தி, பருப்பு, கீரை, தயிர், இஞ்சி டீ, இவ்வளவுதான் சாப்பாடு, அதையும் அளவாக. 2025 ஜூலையில் சொந்த ஊரில் சடக்கைக் கடக்கும்போது வண்டி மோதித்தான் போனார். வயதால் அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை. பாபாஜி இருந்திருந்தால் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, அவரை யார் துரத்தியது என்று கேட்டிருப்பார்.

ஓடுவது இருக்கட்டும், உட்காருவதற்கே சண்டை நடந்திருக்கிறது. கனடாவின் சர்ரே நகரத்தில் குருத்துவாராவின் லங்கர் எனும் பொதுச் சாப்பாட்டுக்கு மேசை நாற்காலி போடலாமா என்று தொண்ணூறுகளில் அடிதடிவரை போயிற்று. தரையில்தான் உட்கார வேண்டும் என்று 1998இல் சீக்கியர்களின் உச்ச பீடமான அகால் தக்த் ஆணையிட்டது. எல்லோரும் சமம் என்பதற்கான ஆணை அது. எனக்கோ, தரையில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுந்திருப்பதுதான் எங்களிடம் மிஞ்சியிருக்கும் கடைசித் தண்டால் என்று தோன்றுகிறது. எங்கள் பக்கம் மூட்டுவலிக்காரர்களுக்குச் சுவரோரம் நாற்காலி போட்டிருக்கிறார்கள். வருடா வருடம் அந்த வரிசை நீள்கிறது. நானும் என் தோழனும் இன்னும் தரையில்தான் உட்காருகிறோம், எழுந்திருக்க மட்டும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொள்கிறோம்.

2019இல் எடுத்த தேசிய ஆய்வின்படி இந்த நாட்டில் வயதுவந்தவர்களில் 50.1 விழுக்காட்டினர் எடை மிகுந்தவர்கள், 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். அந்தக் கணக்கில் எங்கள் இருவரையும் எண்ணினார்களோ இல்லையோ, அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி நம்பர் வாங்கிக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் நாள் எங்களுக்கு வாய்த்துவிட்டது. மிஸி நாடாவோடு வருகிறாள். அவன் கொள்ளுத்தாத்தாவின் மார்பைச் சுற்றிய அதே நாடா, இறங்கி இறங்கி இவன் இடுப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நம் பக்கத்து ஆண்களுக்கு 90 செண்டிமீட்டர்தான் எல்லை. அன்று அளவு கூடினால் வேலை கொடுத்தார்கள், இன்று கூடினால் மெட்ஃபார்மின் கொடுக்கிறார்கள். தலைப்பாகைத் துணியின் நீளத்தைச் சொன்னால் இவள் மயங்கி விழுந்துவிடுவாள் என்று அவன் என் காதில் சொன்னான்.

"எவ்வளவுடா உனக்கு?" என்றான், ரத்தம் எடுத்த விரலைப் பஞ்சால் அழுத்திக்கொண்டே.

"எட்டு புள்ளி நாலு."

"எனக்கு ஏழு புள்ளி ஒம்பது. ஜெயிச்சுட்டேன்."

"ஹாக்கியில ஜெயிச்சது பத்தாதா உனக்கு?"

வெறும் வயிற்றோடு வந்திருந்ததால் வெளியே வந்ததும் எதிரே மாமாக் கடைக்கு நடந்தோம். தனக்கு இனிமேல் தே ஓ கோசோங்தான் என்று கடைக்காரரிடம் கண்டிப்பாகச் சொன்னான். பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். கடைக்காரர் திரும்பி நடக்கத் தொடங்கியதும் கூப்பிட்டு, "அப்படியே ரொட்டி சானாய் ரெண்டு, குழம்பு நிறைய ஊத்து" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "உனக்கும் சொல்லட்டுமா, இல்ல நீ சும்மா வேடிக்கை பாக்கப் போறியா?" என்று கேட்டான்.